கடைசிக் கொப்புளம் காயும்வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு லேசான காய்ச்சல் இருந்தது. இடுப்பும் முதுகும் வலித்தன. நாற்பது எல்.கே.ஜி. பிள்ளைகளைத் தூக்கியும் இறக்கியும் பிழைக்கிறவளுக்கு இடுப்பு வலிப்பது ஒரு செய்தியா என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அந்த எண்ணம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துநாலு வயது. ஊர் நெய்க்காரப்பட்டிப் பக்கம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கரும்புக் காட்டோடு தனியாக இருந்தார். திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, கல்யாணமாகாத பெண் தனியாக இருக்க வீடு தருவார் யாருமில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் நான்காம் வீட்டில் குடியிருந்த பெண்தான் வீட்டுச் சொந்தக்காரரிடம் "குடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி ஐந்தாம் வீட்டை எனக்கு வாங்கிக் கொடுத்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சர் என்றாள். பேச்சுக்குப் பேச்சு நான் "ஆமாங்க, இல்லீங்க" என்பதைக் கேட்டு, "என்னமோ என்னைய மாமியாக்காரியாக்கிட்டீங்களே" என்று சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கம் போனால் திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அந்த நாட்களில் அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கும், என் வீட்டு வெஞ்சனம் அவள் வீட்டுக்கும் போகும். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து அவளுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. ஏழாம் மாதத்தில் இந்த வளைகாப்பு.

அவளுடைய அம்மா அய்யலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஐந்து வகைச் சோறு கிண்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவர்கள் சந்தனம் பூசி வளையல் போட்டு முடித்ததும் அக்கா என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் வாங்க" என்றாள்.

"கல்யாணமாகாத பிள்ளைடீ" என்றார் அவள் அம்மா மெதுவாக.

"இருக்கட்டும். டீச்சரு போட்டாத்தான் எனக்கு ஆகும்."

கன்னத்தில் சந்தனம் பூசினேன். கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லை. அவள் விரல்களை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிசைந்து பிசைந்து ஒவ்வொன்றாக மாட்டினேன். பிறகு ஒரே தட்டில் புளிச்சோறு தின்றோம். வியாழக்கிழமை நல்ல நாள், அன்றைக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதென்று பேசி முடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளிக்கும்போது நெஞ்சில் ஒரு கொப்புளம் தட்டுப்பட்டது. பனித்துளி மாதிரி நீர் கோத்து, சுற்றிலும் சிவந்து. காதுக்குப் பின்னால் இரண்டு. வயிற்றில் தேடினால் நாலைந்து. எனக்கு உடனே ஒரு பையனின் தலை ஞாபகத்துக்கு வந்தது.

என் வகுப்புப் பையன் அவன். இரண்டு வாரம் முன்னால் அம்மை போட்டு, ஐந்தே நாளில் திரும்பப் பள்ளிக்கு வந்தான். அவனுடைய அம்மா நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள். "காஞ்சிருச்சு டீச்சர், ஒரு தண்ணி ஊத்திட்டேன்" என்று வாசலில் விட்டுவிட்டு ஓடினாள். தலையில் முடிக்கு அடியில் ஈரமான கொப்புளங்கள் இருந்ததை நான் பார்த்தேன். அவள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் மேல் இடிக்காமல் இருக்கட்டும் என்று அவனை அன்று முழுக்க என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் பகுதி லேடி டாக்டரிடம் நடந்தே போனேன். என்னைக் கண்டதும் அவர் உள்ளே வர வேண்டாம் என்று கைகாட்டி, ஸ்கூட்டர் நிறுத்துகிற ஓட்டுச் சாய்ப்பில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவரே வெளியில் வந்தார்.

"சின்னம்மைதான். கொப்புளத்த எப்பப் பாத்தே?"

"இன்னைக்குக் காலையிலதானுங்க."

"அதுக்கு முந்தி ரெண்டு நாளா யாரு யாருகூட இருந்தே?"

"அப்ப ஒண்ணுமே இல்லீங்களே, டாக்டர்."

"ஒண்ணும் தெரியாத அந்த ரெண்டு நாள்லயே ஒட்ட ஆரம்பிச்சிரும். அப்புறம் கடைசிக் கொப்புளம் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் ஒட்டும். அஞ்சு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். நாள எண்ணாத, கொப்புளத்தப் பாரு. புதுசா ஒண்ணும் வரக்கூடாது, வந்தது ஒண்ணுகூட ஈரமா இருக்கக்கூடாது. அதுவரைக்கும் வெளிய வராத." சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்டுப் பக்கத்துல கைக்குழந்தை, மாசமா இருக்கவங்க யாரும் உண்டா?"

வளைகாப்பைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருந்தா பயமில்ல. வராம இருந்து இப்ப ஒட்டியிருந்தா, பத்து நாள்ல இருந்து மூணு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும். மாசமா இருக்கப்ப வந்தா கொஞ்சம் கவனமாத்தான் பாக்கணும். பிரசவம் நெருங்கையில வந்தா இன்னும் கஷ்டம். முதல்ல போயி அவங்ககிட்டச் சொல்லு. மறைக்காத."

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், யோசிக்கத்தான் செய்தேன். வியாழக்கிழமை அவள் ஊருக்குப் போய்விடுவாள். அவளுக்குச் சின்ன வயதில் வந்திருக்கும். வராமலும் போகும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் போகிற வீட்டில் அவளுடைய அண்ணன் குழந்தை இருந்தது. பிறந்து இரண்டே மாதம். வளைகாப்பன்று அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் குழாயடிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அக்காவின் அம்மா வாசலில் உட்கார்ந்து ஊருக்குக் கொண்டுபோகும் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, கிட்ட வராதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இருந்ததையும் மாத்திரை போட்டதையும் சொன்னேன். சத்தம் கேட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வெளியில் வந்தார்கள்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "காய்ச்சலோடயா வந்தீங்க? படிச்சவங்கதான நீங்க? நாலு வருசம் கழிச்சு வந்திருக்கு, டீச்சர்."

அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அக்கா அவர் கையைப் பிடித்தாள். "நாந்தான கூப்பிட்டுப் போடச் சொன்னேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல போயிப் படுங்க டீச்சர். நிக்க முடியாம நிக்கிறீங்க" என்றாள்.

அவளுடைய அம்மா மடித்த சேலைகளை எடுத்து மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அன்று மத்தியானமே அவர்கள் டாக்டரிடம் போய் வந்தார்கள். நடந்ததை அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குச் சொன்னாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு. இங்கே பேசினால் அங்கே கேட்கும். அவளுக்கு மூன்று வயதில் அம்மை போட்டது என்று அவள் அம்மா சொன்னாராம். "நீர் கோத்த கொப்புளமா, வேர்க்குரு மாதிரி செவப்புப் பொரியா?" என்று டாக்டர் கேட்டாராம். அம்மாவுக்கு ஞாபகமில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள், எல்லாருக்கும் ஏதாவது ஒன்று போட்டுக்கொண்டே இருந்த காலம் அது. எது யாருக்கு என்று நினைவில் வைப்பது? வேப்பிலை சொருகியது மட்டும் ஞாபகம் இருந்தது. தட்டம்மைக்கும் வேப்பிலைதான், சின்னம்மைக்கும் வேப்பிலைதான்.

"மூணு வாரம் முடியிற வரைக்கும் ஊருக்குப் போகக் கூடாதாம். எட்டாம் நாள்ல இருந்து நானும் வெளிய தலகாட்டக் கூடாதாம். நமக்கு ரெண்டு பேருக்கும் இப்ப ஜெயிலு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் அம்மா ஊருக்குத் திரும்பாமல் மகளோடு தங்கிவிட்டார். எனக்குச் சோறு போட்டதும் அவர்தான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் என் கதவில் வேப்பிலைக் கொத்து சொருகும் சத்தம் கேட்டது. "தாயி, கம்மங்கூழ் வச்சிருக்கேன். கதவத் தொறந்து எடுத்துக்க" என்றார். எனக்காக அக்கா வீட்டிலும் அவர் கடுகு தாளிக்கவில்லை. டாக்டரிடம் அவர் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்: தமக்குச் சின்ன வயதில் நன்றாகவே அம்மை வார்த்திருக்கிறது, மூக்கில் தழும்பும் இருக்கிறது, தாம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய்வந்தால் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் முதல் வாரம் நான் அவரை உள்ளே விடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வாசலில் வைப்பார். நான் எடுத்ததும் தள்ளி நின்று, "இன்னைக்கு எப்புடி, புதுசா வந்திருக்கா?" என்று கேட்பார்.

வந்துகொண்டேதான் இருந்தது. முதல் நான்கு நாளும் ஒன்று காய்வதற்குள் நான்கு முளைத்தன. வாய்க்குள்ளும் கண்ணிமையிலும்கூட. வயது வந்தவர்களுக்கு வந்தால் பிள்ளைகளைவிட அதிகம் படுத்தும் என்று டாக்டர் சொன்னது உண்மை. சொறியக் கூடாது என்று விரல்களில் துணி சுற்றிக்கொண்டேன். உடம்பு எரிந்ததைவிட அந்தச் சுவர்தான் என்னை எரித்தது. அந்தப் பக்கம் அக்கா இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். தும்மினால் எண்ணுவேன். "ஏனுங்கக்கா, ஒண்ணுமில்லீங்களே?" என்பேன். "மொளகா நெடி, டீச்சர். படுங்க" என்பாள்.

அப்பா ஒருநாள் வந்தார். அவருக்கு அம்மை வந்ததுண்டா என்று சொல்ல இப்போது ஆளில்லை. அதனால் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல் வழியாகவே கும்பிட்டேன். மூட்டையில் கொண்டுவந்த இளநீரை வாசலில் அடுக்கிவிட்டு, குழாயடிப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏங் கண்ணு, ரொம்ப எரியுதா?"

"பரவாயில்லீங்கப்பா."

ஒருமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். போகும்போது அக்காவின் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "அவங்கம்மா இல்லீங்க" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"அதான் நான் இருக்கேன்ல" என்று அக்காவின் அம்மா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அன்று நான் நன்றாக அழுதேன். அதற்கப்புறம் காய்ச்சலும் விட்டது.

ஏழாம் நாள் பள்ளியிலிருந்து ஆயா வந்து ஜன்னலில் நின்றாள். ஆண்டு விழா வருகிறது, பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, காய்ந்திருந்தால் நாளைக்கே வந்துவிடும்படி தலைமையாசிரியை சொல்லியனுப்பியிருந்தார். நான் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தேடினேன். எல்லாம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தன. இடது கால் விரல் இடுக்கில் ஒன்றுமட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது. செருப்புக்குள் அது யாருக்குத் தெரியும்? ஆனால் எனக்கு அந்த மில்காரப் பெண்ணின் அவசரம் ஞாபகம் வந்தது. அவள் மகனுக்கும் இப்படித்தான் ஒன்றிரண்டு மிச்சம் இருந்திருக்கும், அவளுக்கும் இப்படித்தான் வேலை கழுத்தைப் பிடித்திருக்கும். ஒரு கொப்புளம் ஈரமாக இருக்கிறது, காய்ந்ததும் வருகிறேன் என்று சீட்டெழுதி ஜன்னல் வழியே போட்டேன். தலைமையாசிரியைக்குக் கோபம்தான். சம்பளத்தையும் பிடித்தார்கள்.

அது காய இன்னும் இரண்டு நாளாயிற்று. அக்காவின் அம்மா கணக்கில் அன்றைக்குத்தான் மூன்றாம் தண்ணி. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அவரே என் தலையில் ஊற்றினார். டாக்டர் கணக்கும் அவர் கணக்கும் ஒரே நாளில் வந்து நின்றதில் அவருக்கு ரொம்பப் பெருமை. "பாத்தியா, ஆத்தாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரே கணக்குத்தேன்" என்றார்.

பத்தாம் நாள் பள்ளிக்குப் போனேன். வாசலில் அந்த மில்காரப் பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே வந்திருந்தாள். "என் மகனாலதான உங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம்" என்று கண் கலங்கினாள். அவனுக்குக் கொப்புளம் தெரிவதற்கு முன்பே, எங்கள் யாருக்கும் தெரியாமலே ஒட்டியிருக்கவும் கூடும் என்றேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த முறை தலையையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

அக்காவின் வீட்டுக்காரர் இதற்குள் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு இனி வராது, என்னால் யாருக்கும் ஒட்டாது என்பதால் அக்கா வீட்டுக்குள் நான் போகலாமென்று ஆகிவிட்டது. காம்பவுண்டில் வேறு யாரும் அவளிடம் போகக்கூடாது; அவளும் வெளியே வரக்கூடாது. ஆக அவளுக்குத் துணை அவள் அம்மாவும் நானும்தான். பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போவேன். கையை, கழுத்தை, முதுகைப் பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றதும் இருவரும் காப்பி குடிப்போம்.

வளைகாப்பு முடிந்து பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை. அவள் அம்மா பேரக் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் என்று காலையில் ஊருக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்குப் போக ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "டீச்சர், செத்த வாங்களேன்" என்று குரல் வந்தது. கேலியில்லாத குரல்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றுச் சேலையை விலக்கிக் காட்டினாள். தொப்புளுக்கு மேலே ஒன்று. பனித்துளி மாதிரி.

"அதானா?" என்றாள்.

"அதான், அக்கா."

நான் அழுதிருப்பேன். அவள் விடவில்லை. "அழுதுக்கிட்டு நின்னா யாரு ஆட்டோ கூப்பிடுறது?" என்றாள்.

டாக்டரிடம் ஓடினேன். மற்ற நோயாளிகள் போனபிறகு ஒருமணிக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்து வரச் சொன்னார். ஆட்டோ நிறுத்தத்தில் முதல் ஆளிடம், "அண்ணே, உங்களுக்கு அம்மை போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் விஷயத்தைக் கேட்டு, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது ஆள் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். "ஆறு வயசுலயே ஆத்தா வந்து வெளையாண்டுட்டுப் போயிட்டா. ஏறச் சொல்லுங்க." ஒவ்வொரு மேட்டுப்பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, தூளியை ஆட்டுகிற மாதிரி ஓட்டினார். டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்து திரும்பவும் கொண்டுவந்து விட்டார். பிறகு வண்டிக் கம்பி, சீட்டு எல்லாவற்றையும் எங்கள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த சவாரிக்குப் போனார். அவர் பெயர் என்னவென்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முதல் கொப்புளம் வந்த அன்றே ஆரம்பிப்பது நல்லது, நல்லவேளை உடனே வந்தீர்கள் என்றார். "கொப்புளத்தப் பத்திக் கவலையில்ல. இருமல், மூச்சு வாங்குறது, நெஞ்சு அடைக்கிறது, இதுல எது வந்தாலும் அடுத்த நிமிசம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும். குழந்தை அசையுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்." மூன்று கடை ஏறி நாலாவது கடையில் மாத்திரை கிடைத்தது.

சாயங்காலம் அவள் அம்மா ஊரிலிருந்து வந்தார். மகளைப் பார்த்தார், மாத்திரை அட்டையைப் பார்த்தார். எங்கள் பக்கத்திலும் சரி அவர்கள் பக்கத்திலும் சரி, அம்மை போட்டவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற வழக்கமில்லை. "ஆத்தா எறங்கியிருக்கையில மாத்திரையா?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் மகள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அவரே தண்ணீர் மோந்து வந்து மகளிடம் நீட்டினார். "குடி. ஆத்தாவும் பாத்துக்கிரட்டும், டாக்டரும் பாத்துக்கிரட்டும். யாரு பாத்தா என்ன, பிள்ள நல்லாருக்கணும்."

பள்ளிக்கு நான் மறுபடி லீவு சொன்னேன். இந்த முறை ஆயாவை அனுப்பவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். தலைமையாசிரியை என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாம்மா" என்றார்.

பகலெல்லாம் நான், இரவெல்லாம் அவள் அம்மா என்று முறை வைத்துக்கொண்டோம். மாத்திரைக்கு அலாரம் வைத்தேன். அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். குழந்தை அசைந்தால் அவளே என் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். அவளுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் வந்தது. அது மாத்திரையால் என்றேன் நான். வேப்பிலையால் என்றார் அம்மா. "ரெண்டு பேரும் வெளிய போயிச் சண்டை போடுங்க" என்றாள் அவள்.

மூன்றாம் நாள், தெருமுனைக் கடைக்கு அவள் வீட்டுக்காரரின் போன் வந்தது. வழக்கமாக அக்காதான் போய்ப் பேசுவாள். கடைக்காரர் ஆள் அனுப்பியதும் நான் போனேன். என் குரலைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கண்ணே. மாத்திரை குடுக்கறோம். குழந்தை நல்லா அசையுதுங்க. இருமல் ஒண்ணுமில்லீங்க."

அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"பகல்ல நானுங்க. ராத்திரி அம்மா."

"நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். "அப்பச் சரி, டீச்சர். நான் வாரேன். வந்துட்டே இருக்கேன்." போனை வைக்கப் போனவர் மறுபடி எடுத்து, "அன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க" என்றார். சரிங்கண்ணே என்று சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

ஆறாம் நாளோடு புதிதாக வருவது நின்றது. எட்டாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, வகிடு வகிடாக முடியைப் பிரித்து, தலையையும், காது மடிப்பையும், விரல் இடுக்குகளையும் பார்த்தேன். ஒன்றுகூட ஈரமில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி யாருக்கும் ஒட்டாது, கதவைத் திறக்கலாம் என்றார். அடுத்த நாள் மூன்றாம் தண்ணி ஊற்றி, அதற்கடுத்த நாள் லாரிக்காரர் வந்து சேர்ந்து, அந்த வாரமே அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கைக்குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் காம்பவுண்டில் மற்ற மூன்று வீடுகளிலும் யாருக்கும் வரவில்லை.

அதற்கப்புறம் இருந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு சோறாக இறங்கவில்லை. இடையில் ஒருமுறை ஸ்கேன் எடுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். ஆனாலும் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வகுப்பில் பிள்ளைகளை ஸ்லேட்டில் 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே லாரிக்காரர் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "பொம்பளப் பிள்ளை, டீச்சர்" என்றார். "தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க. ஒடம்புல ஒரு பொட்டுக்கூட இல்ல."

எனக்குக் கல்யாணமாகி அதே திண்டுக்கல்லில் வேறு தெருவுக்குப் போனேன். அவர்கள் கரூருக்கு மாறிப்போனார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் என் மகனுக்கு அம்மை போட்டது. நான்கு வயது. என் வீட்டுக்காரருக்கு வந்ததேயில்லை. அவரை அவருடைய தம்பி வீட்டு மாடி அறைக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருந்தேன். போனில் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். ஒரு பையும், பை நிறைய நுங்குமாக அவள் நின்றாள்.

"ஏனுங்கக்கா, பிள்ளைய விட்டுட்டு இம்புட்டுத் தூரம்?"

"அவளுக்குத்தான் அம்மை ஊசி போட்டாச்சே. அப்பன் பாத்துக்கிருவாரு. எனக்கு இனி வராது, உங்களுக்கும் வராது. நம்மளவிட வேற யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கையைக் கழுவினாள். சொறிந்துகொண்டிருந்த என் மகனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நுங்கு தோண்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒன்பது நாள் இருந்தாள். முதல் நாள் நான் படுத்தவள், பொழுது சாயும்வரை தூங்கினேன்.